அரை இஞ்ச் குறைந்த பெட்டி

போன வாரம் பலகைகள் வந்து இறங்கிய இடத்தில் கலையரசியை விட்டுவிட்டு வந்தோம். இன்று வெள்ளிக்கிழமை. பலகைகளில் அடித்த கறுப்புப் பெயின்ட் காய்ந்துவிட்டது. அவளுக்குத்தான் தொண்டை காய்ந்துகொண்டிருந்தது.

இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்த வாசகருக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். கலையரசி பெரம்பலூருக்கு வாக்கப்பட்டுப் போய், ஏழு மாதத்துக்கு முன்பு ஒற்றைப் பையோடு அரியலூருக்கே திரும்பி வந்தவள். புருஷன் சக்தி செல்போன் கடை வைத்திருப்பவன். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்துவர ஒன்பது நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தான், அவ்வளவுதான். பதினோரு நிமிடம் ஆகிவிட்டால் மீதி இரண்டு நிமிடம் எங்கே நின்றாய், யாரோடு பேசினாய் என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் விசாரணை நடக்கும். அவள் குளிக்கப் போனால் அவளுடைய போன் அவன் கையில் இருக்கும்.

இதை வந்து சொன்னபோது அப்பா பூமாலை நம்பவில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பது வருஷம் டிப்பர் ஓட்டிய மனுஷர். கண்ணால் பார்க்காத பள்ளத்தைப் பள்ளம் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். "ஆம்பளைன்னா நாலு கேள்வி கேக்கத்தான் செய்வான். அதுக்காக வந்துடறதா?" என்றார்.

கலை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்டேஷன் ரோட்டில் பேக்கரி திறக்கப்போகிற கோகுலகிருஷ்ணன் ஒரு நாள் அந்தக் கடைக்கு வந்து, கல்லா மேசைமேல் வைத்து நின்றபடியே ஆடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்று வேண்டும், உங்களால் செய்ய முடியுமா என்று கேட்டார். ஓர் ஆணியை நேராக அடித்தறியாதவள், முடியும் சார் என்று சொல்லிவிட்டாள். இது ஓடினால் இன்னும் நாலு கடைக்குச் செய்யலாம், யாரையும் எதிர்பார்க்காமல் இருந்துகொள்ளலாம் என்று வீட்டில் வந்து ஆசையாகப் பேசினாள்.

பூமாலை முதலில் சிரித்தார். அப்புறம் கோபத்தில் வார்த்தையை விட்டார். "ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை வூட்டுப் பெரியவங்க பேச வர்றாங்க. அதுக்குள்ள அந்தப் பொட்டி ஓடுனா நீ இங்கயே இரு, அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். ஓடலேன்னா பையை எடுத்துக்கிட்டு அவங்களோட கௌம்பு."

பூமாலை சொன்னால் சொன்னதுதான். அதுதான் அவரிடம் உள்ள நல்ல குணம். கலைக்குப் பயமும் அதுவேதான்.

நாளைக்கு சனிக்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை அரியலூரில் கரண்ட் கிடையாது. ஆகக்கூடி, அவளுக்கு இருந்தது இன்று ஒரு நாள்.

பின்னறையில் பாயை விரித்து வேலையை ஆரம்பித்தாள். முன்பக்கம் சாய்வாக வெட்டிய இரண்டு பக்கப் பலகைகள். அவற்றுக்கு நடுவே குறுக்காக அடிப்பலகை, முதுகுப்பலகை, பட்டன் பலகை. உள்மூலைகளில் ரீப்பர் கட்டைகளை வைத்து ஒவ்வொன்றாக ஸ்க்ரூ முடுக்கினாள். ஒரு மாதத்துக்கு முன்பு ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியை வெட்டி, இதே அளவில் அட்டையிலேயே ஒரு பெட்டி ஒட்டிப் பார்த்திருந்தாள். கை எங்கே வரும், கழுத்து எவ்வளவு குனியும் என்றெல்லாம் நின்று பார்த்துக் குறித்துக்கொண்டதுதான். அதனால் பெட்டி எழுந்து நின்றபோது அவளுக்குப் பழகிய முகமாக இருந்தது.

அடுத்து திரை. பழைய மானிட்டர் ஒன்றின் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி, தகரச் சட்டத்தோடு திரையை மட்டும் எடுத்து வைத்திருந்தாள். அதை இரண்டு கையாலும் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினாள். இடது பக்கம் இறங்கியது. வலது பக்கம் பலகை விளிம்பில் உட்கார்ந்துகொண்டது.

மெதுவாக அசைத்தாள். எடுத்துத் திரும்ப வைத்தாள். இறங்கவில்லை.

டேப்பை இழுத்து அளந்தாள். உள்ளளவு பதினைந்தரை இஞ்ச். அவள் எழுதிக் கொடுத்தது பதினாறு. திரை பதினைந்தே முக்கால்.

இன்னொரு முறை அளந்தாள். டேப் அதே பதிலைத்தான் சொன்னது. ஆசாரி அறுத்து அனுப்பியதை யார் திரும்ப அளப்பார்கள் என்று நேற்றெல்லாம் ஓட்டை போட்டுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள் பாருங்கள், அதுதான் கத்துக்குட்டிகள் செய்கிற வேலை.

ஆனால் அவள் மனம் அங்கே நிற்கவில்லை. ஒரு பலகை தப்பாகப் போயிருந்தால் ஆசாரியின் கைத்தவறு. குறுக்குப் பலகை அத்தனையும் ஒன்றுபோல அரை இஞ்ச் குறைந்தால் அது கைத்தவறா? யாரோ அளவை மாற்றியிருக்கிறார்கள்.

கடைசி அளவுச் சீட்டை ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தது சத்யப்பிரியா அண்ணி.

சத்யப்பிரியா, கலையின் அண்ணன் கலைச்செல்வனின் மனைவி. அண்ணன் சிங்கப்பூரில். இந்தப் பின்னறையே அண்ணியின் தையல் மிஷினுக்கென்று கட்டியதுதான். கலை திரும்பி வந்த அன்று மிஷின் அடுப்பங்கரை மூலைக்குப் போனது. அதைப்பற்றி அண்ணி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததே இப்போது கலைக்குச் சந்தேகமாக இருந்தது.

"அண்ணி, அந்தச் சீட்டை ஆசாரிகிட்ட அப்படியே குடுத்தீங்களா?"

"ஆமா. ஏன்?" சத்யப்பிரியா ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வேற எதுவும் சொல்லலையே?"

"நான் என்னத்த சொல்றது? பேப்பரைக் குடுத்தேன், வந்தேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் பின்பக்கம் போனாள்.

ஃபிரிட்ஜ் மேல் அண்ணியின் போன் சார்ஜில் இருந்தது. என்ன கோலம் போட்டால் அது திறக்கும் என்று கலைக்குத் தெரியும். நல்லது இல்லை என்றும் தெரியும். கை போய்விட்டது.

யார் யாரிடம் பேசியிருக்கிறாள் என்று மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். அண்ணன், அண்ணன், அண்ணியின் அம்மா, அண்ணன். நடுவே பெயர் இல்லாத ஒரு நம்பர், மூன்று தடவை. அதன் கடைசி நாலு எண்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது பின்னால் கொலுசுச் சத்தம் நின்றது.

"என்ன தேடற?"

கலை போனை நீட்டினாள்.

சத்யப்பிரியா துணிகளை நாற்காலியில் போட்டாள். போனை வாங்கி, அந்த நம்பரை அவளே தொட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். "சொல்லுங்க மேடம், ஓவர்லாக் மிஷின் திங்கக்கெழமை வந்துடும்" என்றது ஒரு பெண் குரல். அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டு, போனைத் திரும்பக் கலையின் கையிலேயே திணித்தாள்.

"போட்டோவும் பாத்துக்க. வாட்ஸ்அப்பும் பாத்துக்க."

"அண்ணி, நான்…"

"உங்க வூட்டுக்காரரு உனக்கு என்ன செஞ்சாரோ அதைத்தான் நீ எனக்கு செய்யற கலை. கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே." அவள் சத்தம் போடவில்லை. கண் மட்டும் சிவந்துவிட்டது.

கலைக்கு உடம்பே கூசிப்போனது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, டேப்பையும் அளவுச் சீட்டின் நகலையும் கைப்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வைத்திலிங்கம் ஆசாரி, கோயில் கதவு ஒன்றைப் படுக்கவைத்து இழைத்துக்கொண்டிருந்தார். ஜெயங்கொண்டம் ரோட்டில் போகிற சிமென்ட் லாரிகளின் தூசியும் மரத்தூளும் கலந்து அவர் மீசையை வெளுக்க வைத்திருந்தன.

"வா தங்கச்சி. பொட்டி எப்படி நிக்குது?"

"நிக்குதுண்ணே. ஸ்கிரீன்தான் உள்ள போவல. பதினாறுன்னு எழுதியிருந்தேனே?"

"எழுதியிருந்த. நானும் பாத்தேன்."

"பாத்துட்டா பதினஞ்சரை அறுத்தீங்க?"

ஆசாரிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்து, கிடந்த துண்டுப் பலகையில் எழுதிக் காட்டினார். "உள்ளுக்குப் பதினாறு. ரெண்டு பக்கமும் முக்கா முக்கா. வெளி அளவு எவ்வளவு வருது? பதினேழரை. வூட்டுல சும்மா கெடக்கற பொட்டின்னா எனக்கென்ன, அறுத்துக் குடுத்துட்டுப் போறேன். சீர்ப் பொருளு அரையில முடியக்கூடாது தங்கச்சி. கட்டிலு, பீரோ, நான் செஞ்ச எதுவும் அரையில முடிஞ்சதில்ல. முடிஞ்சா அது போன வூட்டுல நிக்காது. பொருளும் திரும்பி வந்துரும், பொண்ணும் திரும்பி வந்துரும். எங்கப்பா காலத்துக் கணக்கு இது. அதான் பதினேழுல நிறுத்துனேன். உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

மனுஷர் முகத்தில் துளி கள்ளம் இல்லை. ஒரு பெண் வாழவேண்டுமே என்று அரை இஞ்ச் குறைத்திருக்கிறார். கலைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுத்த நொடியே வேறொன்று சுருக்கென்றது.

"சீரா? இது சீர்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னா?"

"உன் வூட்டுக்காரருதான்."

கலை பக்கத்தில் பலகையைத் தாங்கி நின்ற மரக்குதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன சனிக்கெழமை வந்திருந்தாரே. பெரம்பலூர்லேருந்து வரேன், கலையரசி என் வூட்டுக்காரி, இங்க என்ன செய்யக் குடுத்துருக்கான்னு கேட்டாரு. மரியாதையான ஆளும்மா. எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. உன் சீட்டை வாங்கி ஒவ்வொரு அளவாப் படிச்சாரு. இது எங்க வூட்டுக்கு வரப்போற சீரு, நல்லா செஞ்சு குடுங்கன்னாரு." ஆசாரி நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், உன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னாருண்ணே. மறந்துட்டேன்." ஏன் அப்படிப் பொய் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. பெரம்பலூரில் இருந்தவரை அப்படித்தான் ஊர் முன்னால் மூடி மறைத்துப் பழக்கம்.

"திரும்ப அறுத்துத் தர முடியுமாண்ணே? இன்னிக்கே?"

"இந்தக் கதவை நாளானைக்குக் கோயில்ல நிறுத்தணும். நாளைக்குக் கரண்டும் இல்ல. திங்கக்கெழமை வா, காசு வேணாம், மாத்திக் குடுத்துடறேன்."

திங்கட்கிழமை அவள் எந்த ஊரில் இருப்பாளோ?

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே பார்த்தாளே தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஆசாரி பட்டறை சக்திக்கு எப்படித் தெரியும்? பெட்டி செய்வது ஆசாரியையும் கோகுலகிருஷ்ணனையும் விட்டால் வீட்டில் உள்ள மூன்று பேருக்குத்தான் தெரியும். கோகுலகிருஷ்ணனுக்குச் சக்தியைத் தெரியாது. ஆசாரியையும் அவருக்குத் தெரியாது.

அப்பாவாக இருக்குமோ? பந்தயம் மாதிரி ஒரு பேச்சைப் பேசிவிட்டு, அவள் தோற்கவேண்டும் என்று அவரே வழி செய்திருப்பாரோ? அம்மா இருசம்மாள்? "மாப்பிள்ளை நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நொச்சு" என்று இன்னமும் சொல்கிறவள் அவள்தானே. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவிட்டு இரண்டு மணிக்கு வருகிறவள், போன சனிக்கிழமை எத்தனை மணிக்கு வந்தாள்? போன சனிக்கிழமை பள்ளிக்கூடமே கிடையாது. கடைக்குப் போய்வருகிறேன் என்று போனாள். கடைக்குப் போய்வரப் பத்து நிமிடம். அன்று அரை மணி ஆயிற்று.

கலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற தாயை நிமிடக் கணக்குப் பார்க்கிறோம். இந்தப் புத்தி அவளுடையது இல்லை. பெரம்பலூரிலிருந்து ஒற்றைப் பையோடுதான் வந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இதையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஆனாலும் யாரோ சொல்லித்தானே இருக்கவேண்டும்!

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டே கால். நேரே பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரையைத் தூக்கிப் பெட்டி மேல் வைத்து ஆத்திரத்தோடு அழுத்தினாள். உடைந்தாலும் உடையட்டும் என்றுதான் அழுத்தினாள். கை வழுக்கித் திரை பக்கவாட்டில் திரும்பியது. ஒரு முனை சரேலென்று உள்ளே இறங்கிவிட்டது.

பதறிப்போய்ப் பிடித்தாள். பிடித்தபடியே அப்படியே நின்றுவிட்டாள்.

திரை படுக்கையாக இல்லை. நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. நெட்டுக்கு நிறுத்தினால் அதன் அகலம் பன்னிரண்டே முக்கால் இஞ்ச்தான். பதினைந்தரை தாராளம். உயரம்தான் கூடுதல். மேலே பெயர்ப் பலகைக்கென்று விட்ட மூன்று இஞ்சையும் எடுத்துக்கொண்டால் அதுவும் சரியாகிவிடும். கீழேயிருந்து மேலே விமானம் பறந்து சுடுகிற பழைய ஆட்டங்கள் எல்லாம் நெட்டுத் திரைக்கென்றே வந்தவைதான். கோகுலகிருஷ்ணன் ஆட்டம்தான் கேட்டார், திரை படுத்திருக்கவேண்டும் என்று கேட்கவில்லை.

பெயர்ப் பலகையைக் கழற்றினாள். திரையைத் தாங்க இரண்டு ரீப்பர் துண்டு வெட்டினாள். ஒரு கையால் திரையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்க்ரூ முடுக்குவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. மூன்று தடவை ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டது.

கதவு திறந்தது. சத்யப்பிரியா வந்து மண்டியிட்டுத் திரையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் மேல அண்ணி. ம்… அவ்வளவுதான்."

நாலு ஸ்க்ரூவும் ஏறின. "அண்ணி, காலையில நான் செஞ்சது தப்பு" என்றாள் கலை.

"தப்புதான்" என்றாள் சத்யப்பிரியா. "அந்தப் பக்கம் இன்னும் ஆடுது பாரு, முடுக்கு." மன்னித்துவிட்டாளா என்று அந்தக் குரலிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரைக்கு இரண்டு பக்கமும் இருந்த இடைவெளியைக் கறுப்பு சார்ட் அட்டை வெட்டி மூடியது அண்ணிதான். தையல்காரி கத்தரி, நூல் பிசகாமல் வெட்டியது. கலை உள்ளங்கை அகல கம்ப்யூட்டர் போர்டை அடியில் பொருத்தி, ஜாய்ஸ்டிக்கின் ஒயர்களையும் பட்டன்களின் ஒயர்களையும் ஒவ்வொன்றாகச் சொருகினாள். படத்தை நெட்டுக்குத் திருப்பச் செட்டிங்கில் ஒரே ஒரு வரி மாற்றவேண்டியிருந்தது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டி, பெரிய அறையில் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. பூமாலை கைகால் கழுவிவிட்டு வந்து அதற்கு எதிரே நின்றார். இருசம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கலை சுவிட்சைப் போட்டாள்.

ஒன்றும் வரவில்லை.

பூமாலை மகளைப் பார்த்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நொடி, பத்து நொடி. பிறகு திரை வெளுத்து, நீலமாகி, கீழிருந்து ஒரு சின்ன விமானம் எழும்பி வந்தது. டிங் டிங் என்று சத்தமும் வந்தது.

"ஆத்தாடி" என்றாள் இருசம்மாள்.

"ஆடிப் பாருங்கப்பா."

பூமாலை ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். முப்பது வருஷம் கியர் போட்ட கை. விமானம் முதலில் ஓரத்தில் போய் முட்டியது. அடுத்த தடவை முட்டவில்லை. நாலாவது தடவை எதிரே வந்ததையெல்லாம் சுட்டுத் தள்ளிக்கொண்டு போனபோது மனுஷர் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் கலை தன் போனை எடுத்துப் பெட்டியை ஒரே ஒரு படம் எடுத்தாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாருக்கும் அனுப்பவில்லை.

பூமாலை கையை எடுத்தார். "ஓடுது" என்றார். "சொன்ன சொல்லுதான். ஞாயித்துக்கெழமை அவங்க வந்தா நான் பேசிக்கறேன். நீ இங்கயே இரு பாப்பா."

கேட்க ஏங்கிய வார்த்தை அது. கலைக்கு நெஞ்சு நிறைந்திருக்கவேண்டும். நிறையவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. நான் பொட்டி செய்யறதை அவருகிட்ட சொன்னது யாரு?"

"எவருகிட்ட?"

"பெரம்பலூர்ல. போன சனிக்கெழமை அவரு ஆசாரி பட்டறைக்கே வந்து என் சீட்டை வாங்கிப் படிச்சிருக்காரு. அவரு சீருன்னு சொன்னதாலதான் ஆசாரி அளவைக் கொறைச்சாரு."

பூமாலையின் முகம் மாறியது. "நானா சொல்லுவேன்? ஒரு பக்கம் பந்தயம் கட்டிட்டு இன்னொரு பக்கம் கால வாரி விடறவனா நானு?"

"அம்மா, நீங்க அன்னிக்குக் கடைக்குப் போயிட்டு வர அரை மணி நேரம் ஆச்சே…"

"கூட்டுறவு கடையில சக்கரைக்கு நின்னேன்டி. என் போன்ல நம்பர் போடவே உன் அண்ணிதான் வேணும்!" இருசம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "பெத்த பொண்ணு வாயில இப்படி ஒரு கேள்வியா?"

சத்யப்பிரியா போய் மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கலை அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போது மடியில் இருந்த போன் அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு முடிகிறவரை தடுத்து வைக்காதே என்று அப்பா சொன்னதால் தடுக்காமல் விட்ட நம்பர். சக்தி. ஒரே ஒரு வரிதான்.

"ஸ்கிரீனை நெட்டுக்கு நிறுத்திட்டியா? நல்லாத்தான் இருக்கு."

கலை அதை இரண்டு தடவை படித்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். அண்ணியின் போன் ஃபிரிட்ஜ் மேல். அம்மாவின் பட்டன் போன் சாமி அலமாரியில். அப்பாவின் கை இரண்டும் வெறுங்கை. அண்ணி மத்தியானத்திலிருந்தே அவள் கூடத்தான் இருந்தாள்; விளக்குப் போட்டதிலிருந்து ஒருவர்கூட இந்த அறையை விட்டு நகரவில்லை. திரையை நெட்டுக்கு நிறுத்தியது இந்த நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. இருந்தது அவள் எடுத்த படம் ஒன்றுதான்.

கல்யாணத்துக்குச் சக்தி கடையிலிருந்து கொடுத்த போன் அது. அதைத் திறந்து, மெயில் கணக்கு போட்டு, எல்லாம் சரிசெய்து கையில் கொடுத்ததும் அவன்தான். கலை செட்டிங்குக்குள் போனாள். ஊரார் போனையெல்லாம் பிரித்துப் பார்த்துச் சரிசெய்து கொடுக்கிறவள், தன் போனில் இந்த இடத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

இந்தக் கணக்கு திறந்திருக்கும் கருவிகள்: இரண்டு. முதலாவது, இந்தப் போன். இரண்டாவதுக்கு நேராகப் பெரம்பலூர் என்று இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்பு.

"அப்பா, இங்க வாங்க."

பூமாலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவள் ஒவ்வொன்றாக விளக்கினாள். இந்தப் போனில் எடுக்கிற படமெல்லாம் அந்தப் போனிலும் விழும். ஜாய்ஸ்டிக் வாங்கியது, பட்டன் வாங்கியது, எல்லா ரசீதும் அங்கேயும் போகும். இந்தப் போன் எந்த ரோட்டில் போகிறது, எந்தப் பட்டறையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதும் அங்கே தெரியும்.

"ஏழு மாசமாவா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்துப்பா."

பூமாலை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ வந்து சொன்னப்ப நான் நம்பலை பாப்பா" என்றார். "ஏதோ சின்னஞ்சிறுசுங்க சண்டைன்னு நெனைச்சேன். இது… என் வூட்டுக்குள்ளயே உட்காந்துகிட்டு இருந்துருக்கானே." குரல் உடைந்துவிட்டது. கலை தன் அப்பா அழுது பார்த்ததில்லை. அவளுக்கும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு, "உங்களையெல்லாம் சந்தேகப்பட்டுட்டேனே" என்று விம்மினாள். இருசம்மாள் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கருவியைத் தொட்டாள். வெளியேற்று என்று ஒரு பட்டன் வந்தது.

"இரு, அமுக்காத" என்றார் பூமாலை. "ஞாயித்துக்கெழமை அவங்க பெரியவங்க வரட்டும். நான் வாயால சொன்னா அவங்களும் என்ன மாதிரிதான் நம்பமாட்டாங்க. கண்ணால பாக்கட்டும்."

"இன்னும் ரெண்டு நாளு அவரு கண்ணு என் மேலயே இருக்கணுமாப்பா?"

பூமாலை கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"மாமா, எனக்கு இன்னும் புரியல. எந்த இடத்துல ஊரு பேரு வருது?" என்று சத்யப்பிரியா பக்கத்தில் வந்தாள். அவளுக்குக் காட்டுவதற்காகக் கலை விரலால் திரையைக் கீழே இழுத்துவிட்டாள். பட்டியல் ஒரு சுற்றுச் சுற்றிப் புதிதாக வந்தது.

இந்தப் போன், அரியலூர்.

இன்னொரு போன், அரியலூர். இப்போது.

நாலு பேரும் அதைப் பார்த்தார்கள். இருசம்மாளுக்குப் படிக்க வராது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. பதறியடித்துக்கொண்டு வாசல் கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதீங்கம்மா" என்றாள் கலை. "அவன் வரட்டும். நான் என்ன செஞ்சேன், எங்க போனேன்னு தனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அப்பா முன்னாடியே சொல்லட்டும்."

இருசம்மாளின் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. பூமாலை எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் வேகம் குறைகிற சத்தம் கேட்டது.